பழைய கோவிலை யார் கையில் ஒப்படைப்பது?
பாரிஸ் நோத்ர தாம் பேராலயத்தைத் திருத்திய வியோலே லெ டியூக் வாழ்க்கை



நமது பகுதியில் பழைய கோவில் ஒன்றைத் திருத்த வேண்டும் என்ற பேச்சு எழுந்தால், முதலாவதாகக் கேட்கப்படும் கேள்வி, பணம் எவ்வளவு வேண்டும் என்பதே. அடுத்த கேள்வி, திருநாளுக்கு முன் முடியுமா என்பது. அந்தக் கோவிலை யார் கையில் ஒப்படைப்பது என்ற கேள்வி பெரும்பாலும் கடைசியாகவே வருகின்றது. சில இடங்களில் அது வருவதே இல்லை.

2004 மார்கழி 26இல் வந்த கடற்கோளையும், 2009இல் முடிந்த போரையும் கண்டவர்கள் நாம். முல்லைத்தீவில் புனித இராயப்பர் ஆலயம் அலையில் சிதைந்ததை நம்மில் எவரும் மறக்கவில்லை. புதுக்குடியிருப்பிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் கூரையிழந்த கோவில்களையும் துளைபட்ட சுவர்களையும் கண்டோம். முற்றாக அழிந்தவற்றைப் புதிதாகக் கட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. ஆனால் பாதி அழிந்து பாதி நிற்கின்ற கோவிலை என்ன செய்வது? இடித்துத் தள்ளிவிட்டுப் புதிதாக எழுப்புவதா? நிற்பதைக் காத்துத் திருத்துவதா? திருத்துவதென்றால் எவரைக் கொண்டு திருத்துவது?

இக்கேள்விகளுக்கு விடை தேடுபவர்கள் அறிந்திருக்க வேண்டிய ஒருவர் பிரான்சு தேசத்தவரான யூஜேன் வியோலே லெ டியூக். பழைய கோவில்களைத் திருத்துவதையே தம் வாழ்நாட் தொழிலாகக் கொண்டு, அதைத் தனியொரு கலையாக வளர்த்தவர்களுள் முதன்மையானவர் அவர். அவர் செய்த நன்மையும் பெரிது, செய்த தவறும் சிறிதன்று. இரண்டும் நமக்குப் பயன்படும்.

பள்ளிக்குப் போக மறுத்த இளைஞர்

வியோலே 1814ஆம் ஆண்டு தை 27ஆம் நாள் பாரிஸ் நகரில் பிறந்தார். தந்தையார் அரச மாளிகைகளைப் பராமரிக்கும் அலுவலகத்தில் உத்தியோகத்தர். நூல்களில் ஈடுபாடு மிக்கவர். தாய்மாமன் ஓவியரும் கலை விமர்சகருமாவார். எழுத்தாளரும் கலைஞரும் வந்து கூடி விவாதிக்கும் வீடு அது. சிறுவன் வியோலேயின் கையில் எப்போதும் ஓவியக் கோல் இருந்தது.

கட்டிடக் கலை கற்க விரும்பும் பிரெஞ்சு இளைஞர் அனைவரும் அக்காலத்தில் பாரிஸ் அரச கலைப் பள்ளியிற் சேர்வதே வழக்கம். வியோலே அதற்கு இணங்கவில்லை. அப்பள்ளி பழைய கிரேக்க, உரோமக் கட்டிடங்களையே மாதிரியாகக் காட்டியது. தம் சொந்த நாட்டுக் கொத்தர்களும் தச்சர்களும் 12ஆம், 13ஆம் நூற்றாண்டுகளில் எழுப்பிய கோவில்களை எவரும் மதிக்கவில்லையே என்பது அவர் மனக்குறை. ஆகவே அனுபவமுள்ள கட்டிடக் கலைஞர்களின் கீழ் தொழில் பழகினார். ஊர் ஊராக நடந்தார். கண்ட கோவில்களை அளந்தார், வரைந்தார். ஒரு கல் மற்றொரு கல்லின்மேல் ஏன் இப்படி வைக்கப்பட்டது, இந்த வளைவின் பாரம் எங்கே இறங்குகின்றது என்று கேட்டுக் கேட்டுக் கற்றார். 1836இலும் 1837இலும் இத்தாலியில் சுற்றினார். பட்டம் எதுவும் அவரிடம் இல்லை. கட்டிடத்தைப் படிக்கத் தெரிந்த கண் மட்டும் இருந்தது.

அன்றைய பிரான்சின் கோவில்கள் இருந்த நிலையையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1789இல் தொடங்கிய புரட்சியின்போது கோவில்கள் பறிக்கப்பட்டன. சில விற்கப்பட்டன, சில கற்குவியலாயின. பாரிஸ் நகரின் நோத்ர தாம், அதாவது நமது அன்னையின் பேராலயம், பகுத்தறிவின் கோவில் என்று பெயர் மாற்றப்பட்டது. பின்னர் பண்டசாலையாகவும் பயன்பட்டது. அதன் முகப்பில் நின்ற 28 யூதேய அரசர்களின் சிலைகளைப் பிரெஞ்சு மன்னர்கள் என்றெண்ணி 1793இல் தலை கொய்தார்கள். அத்தலைகளுள் 21, சுமார் 180 ஆண்டுகள் கழித்து, 1977இல் பாரிஸில் ஒரு கட்டிட வேலையின்போது நிலத்துக்கடியிலிருந்து வெளிவந்தன. சிதைந்த கோவில்களின் நடுவே வாழ்வது எப்படியென்று அந்த மக்களும் அறிந்திருந்தார்கள்.

வெஸ்லேயில் விழுந்த சிறு கற்கள்

அழிவு அளவு கடந்தபின் அரசு விழித்துக்கொண்டது. பழைய நினைவுச் சின்னங்களைப் பார்வையிட ஓர் அதிகாரியை நியமித்தது. 1834இல் அப்பதவிக்கு வந்தவர் எழுத்தாளர் புரொஸ்பேர் மெரிமே. அவர் பர்கண்டி மாநிலத்தில் வெஸ்லே என்னும் குன்றின்மேல் உள்ள புனித மதலேன் மரியாள் ஆலயத்துக்குச் சென்றார். புனித பெர்நார்து 1146இல் இரண்டாம் சிலுவைப் போருக்கு அழைப்பு விடுத்த ஊர் அது. மெரிமே உள்ளே அமர்ந்து வரைந்துகொண்டிருக்கையில், மேல்வளைவிலிருந்து சிறு கற்கள் உதிர்ந்து விழும் ஓசை அவர் காதில் விழுந்ததாம். ஆலயம் இன்றோ நாளையோ என்றிருந்தது.

அதைத் தொடத் துணிந்தவர் இல்லை. கைவைத்தால் முழுவதும் சரிந்துவிடும் என்று அஞ்சினார்கள். 1840இல் மெரிமேயின் விருப்பப்படி அவ்வேலை வியோலேயிடம் ஒப்படைக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 26. அதற்கு முன் பெரிய கோவில் எதையும் திருத்திய அனுபவம் அவருக்கு இல்லை. குடும்ப நட்பினால் கிடைத்த வேலை என்று சொல்வாரும் உண்டு. நட்பு இருந்தது உண்மையே. ஆனால் மெரிமே வேலையைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிப் போகவில்லை. சென்று பார்த்தார், கணக்குக் கேட்டார், அறிக்கை கேட்டார்.

வியோலே என்ன செய்தார்? முதலில் மரத் தாங்கிகளை நிறுத்தி வளைவுகள் விழாமல் பிடித்தார். சுவரை வெளியே தள்ளிக்கொண்டிருந்த கூரையின் பாரத்தைக் குறைத்தார். வெளியிலிருந்து சுவரைத் தாங்கும் உதைவளைவுகளைப் புதுப்பித்தார். அதன்பிறகே ஆபத்தான வளைவுகளைப் பகுதி பகுதியாக அவிழ்த்துக் கட்டினார். அழகு வேலை பின்னுக்கு, உயிர் காக்கும் வேலை முன்னுக்கு. 1859 வரை 19 ஆண்டுகள் அந்த வேலை நடந்தது. ஆலயம் இன்றும் நிற்கின்றது. 1979இல் உலக மரபுச் சின்னமாக அது ஏற்கப்பட்டது.

தவறான கைக்குப் போன கோபுரம்

அதே காலத்தில், பாரிஸ் நகருக்கு வெளியே புனித தெனிஸ் பேராலயத்தில் நேர்ந்ததையும் கேளுங்கள். பிரெஞ்சு மன்னர்கள் அடக்கம் செய்யப்பட்ட இடம் அது. 1837இல் அதன் வட கோபுரத்தை இடி தாக்கியது. அங்கே பொறுப்பிலிருந்த கட்டிடக் கலைஞர் பிரான்சுவா தெப்ரே அரச கலைப் பள்ளியிற் பயின்றவர், பெயரும் புகழும் உள்ளவர். அவர் கோபுரத்தை மீண்டும் எழுப்பினார். ஆனால் புதிய கல் முன்னையதைவிடப் பாரமானது. கீழே தாங்கும் பழைய சுவரின் வலிமை போதிய அளவு கணிக்கப்படவில்லை. சில ஆண்டுகளுக்குள் வெடிப்புகள் கண்டன. 1846இல் முழுக் கோபுரத்தையும் கல் கல்லாகக் கழற்றி இறக்க நேர்ந்தது. தெப்ரே விலக, அந்தப் பொறுப்பும் வியோலேயிடம் வந்தது.

புதிதாகக் கட்டுவதில் வல்லவர் எல்லாரும் பழையதைத் திருத்துவதில் வல்லவராகிவிடுவதில்லை, வாசகர்களே. புதுக் கட்டிடத்தில் பாரத்தைத் தீர்மானிப்பவர் நாம். பழைய கட்டிடத்திலோ, அது ஏற்கெனவே எப்படி நிற்கின்றது என்பதை முதலில் கண்டறிந்து அதற்கு அடங்கி வேலை செய்ய வேண்டும்.

அன்னையின் பேராலயம்

1831இல் வெளிவந்த விக்தோர் யூகோவின் நாவல் நோத்ர தாம் பேராலயத்தின்மீது மக்கள் அன்பைத் திருப்பியது. அதைத் திருத்த அரசு முன்வந்தபோது, கட்டிடக் கலைஞர் சிலர் தம் திட்டங்களைச் சமர்ப்பித்தனர். வியோலேயும் அவரைவிட ஏழு வயது மூத்த லாசுஸ் என்பவரும் சேர்ந்து 1843 தையில் ஓர் அறிக்கை கொடுத்தார்கள். பழைய கோவிலைத் திருத்துபவர் தம் சொந்த விருப்பை மறந்து தம்மை மறைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு பகுதியையும் அது கட்டப்பட்ட காலத்தின் முறையிலேயே திருத்த வேண்டும் என்பது அதன் சாரம். 1844இல் அவர்களுடைய திட்டமே ஏற்கப்பட்டது. அப்போது வியோலேக்கு வயது 30.

1845இல் அரசு 26 இலட்சத்து 50 ஆயிரம் பிராங்கு ஒதுக்கியது. 1850இல் அது தீர்ந்துபோக வேலை நின்றது. மீண்டும் பணம் ஒதுக்கிய பின்னரே தொடர்ந்தது. பணத்தட்டுப்பாட்டால் வேலை நிற்பது நமக்கு மட்டும் உரிய அனுபவமன்று! 1857இல் லாசுஸ் இறந்தார். அதன்பின் முழுப் பொறுப்பும் வியோலேயின் தோள்மீது விழுந்தது.

உடைந்த சிலைகளுக்குப் பதிலாகப் புதியன செதுக்குமுன், சார்த்ர், அமியேன், ரேன்ஸ் முதலிய பேராலயங்களில் தப்பி நின்ற அதே காலத்துச் சிலைகளை ஆராய்ந்தார்கள். கல் வேலை, மர வேலை, ஈய வேலை, கண்ணாடி வேலை என்று ஒவ்வொன்றுக்கும் கைவினைஞர் அங்கேயே பயின்று தேறினார்கள். மறக்கப்பட்டிருந்த தொழில்கள் அந்த வேலைத்தலத்தில் மீண்டும் உயிர் பெற்றன.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கழற்றப்பட்ட பழைய ஊசிக் கோபுரத்தின் இடத்தில் 1859இல் புதியதொன்றை எழுப்பினார். சுமார் 500 தொன் ஓக் மரமும் 250 தொன் ஈயமும் கொண்டது அது. அதன் அடியில் பன்னிரு அப்போஸ்தலரின் செப்புச் சிலைகள் நின்றன. ஏனைய அப்போஸ்தலர் நகரைப் பார்த்திருக்க, புனித தோமையார் ஒருவர் மட்டும் திரும்பிக் கோபுரத்தை அண்ணாந்து பார்க்கின்றார். அவர் முகம் வியோலேயின் முகம்! நம் மண்ணுக்கு வந்ததாக நாம் போற்றும் அதே தோமையார்தான் கட்டிடக் கலைஞரின் பாதுகாவலர். 1864 வைகாசி 31இல் பாரிஸ் பேராயர் தர்புவா ஆண்டகை பேராலயத்தை அர்ச்சித்தார்.

இவ்வளவும் செய்தவர் பக்திமானா என்று நீங்கள் கேட்கலாம். அப்படிச் சொல்வதற்கில்லை. வாழ்வின் பிற்பகுதியில் திருச்சபையின் செல்வாக்கை எதிர்த்த குடியரசுவாதிகளின் பக்கமே அவர் நின்றார். ஆனால் கோவிலின் கல்லையும் அதைக் கட்டியவர்களின் அறிவையும் அவர் மதித்தார். தம் பங்கைச் சேர்ந்தவர், தெரிந்தவர் என்பதற்காக மட்டும் வேலையைக் கொடுக்கும் வழக்கமுள்ள நாம் இதைச் சற்று நினைத்துப் பார்ப்பது நல்லது.

ஆயர்களுக்கு எழுதப்பட்ட கைந்நூல்

1849இல் வியோலேயும் மெரிமேயும் சேர்ந்து, மறைமாவட்டக் கட்டிடங்களைப் பேணுவதற்கான அறிவுரைகளை எழுதினார்கள். கோவில்களைப் பராமரிப்பவர்களுக்கென்றே வந்த நடைமுறைக் கைந்நூல் அது. மழைநீரை வெளியேற்றுவது, கல்லைத் தெரிவது, கூரையைக் காப்பது போன்ற சாதாரண காரியங்களே அதில் நிறைய. கோவிலைக் கொல்வது பெரும்பாலும் தண்ணீர் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். காலத்தோடு ஒரு பீலியைத் துப்புரவாக்கினால் பல ஆண்டுகளின் பின் வரும் பெருஞ் செலவு மிஞ்சும். 1853இல் பிரான்சின் மறைமாவட்டக் கட்டிடங்களைப் பார்வையிடும் மூன்று தலைமைப் பரிசோதகர்களுள் ஒருவராக வியோலே நியமனம் பெற்றார்.

அவர் பாரிஸில் நோத்ர தாமைத் திருத்திக்கொண்டிருந்த காலத்தில்தான், 1847இல், பிரான்சிலிருந்து அமலமரித் தியாகிகள் நமது நாட்டுக்கு வந்தார்கள் என்பதையும் எண்ணிப்பாருங்கள். வட பகுதியின் பழைய கோவில்களில் காணும் கூர்வளைவுச் சாளரங்கள், அக்கால ஐரோப்பாவில் புத்துயிர் பெற்ற கலை மரபின் உறவினர்கள்.

எல்லை கடந்த கை

இனி மறுபக்கத்துக்கு வருவோம். இளமையில் தம்மை மறைத்துக்கொள்ள வேண்டும் என்று எழுதியவர், புகழ் வளர வளர அதனின்று விலகினார். 1854 முதல் 1868 வரை பத்துப் பாகங்களாக வெளியிட்ட தமது கட்டிடக் கலை அகராதியில், ஒரு கட்டிடத்தைத் திருத்துவது என்பது எந்தக் காலத்திலும் அதற்கு இருந்திராத ஒரு முழுமையைக்கூட அதற்குக் கொடுப்பதாக இருக்கலாம் என்ற கருத்தை எழுதிவிட்டார். அன்று கட்டியவர்கள் எப்படிக் கட்டியிருப்பார்கள் என்பது தமக்குத் தெரியும் என்ற துணிவு அது.

நோத்ர தாமின் மேல்மாடத்திலிருந்து நகரைப் பார்க்கும் விசித்திர மிருகச் சிலைகளைப் பழங்காலத்தவை என்று எண்ணிப் படம் எடுப்பவர் அநேகர். அவை வியோலே சேர்த்தவை. தென் பிரான்சில் கார்கசோன் கோட்டைக் கோபுரங்கள்மீது அவர் வைத்த கற்பலகைக் கூம்புக் கூரைகள் அவ்வூர் வழக்கத்துக்கு ஒவ்வாதவை என்ற குறை இன்றும் சொல்லப்படுகின்றது. தூலூஸ் நகரின் புனித சேர்நேன் ஆலயத்தின் மேற்பகுதியைத் தம் எண்ணப்படி மாற்றினார். அவர் இட்ட கல் உதிர்ந்தது. மழைநீர் சுவரைத் தாக்கியது. 1990களில் பெருஞ் செலவில் அவர் செய்ததைக் கழற்றி, மேற்பகுதியைப் பழைய வடிவத்துக்கு மீளக் கொண்டுவர வேண்டியதாயிற்று.

இங்கிலாந்தில் ஜோன் ரஸ்கின் என்ற அறிஞர் திருத்தம் என்ற பெயரில் நடப்பதே அழிவு என்று வாதாடினார். வில்லியம் மொரிஸ் 1877இல் பழைய கட்டிடங்களைக் காக்க ஒரு சங்கத்தையே தொடங்கினார். இரு சாராரின் வாதத்திலிருந்தும் பிற்காலத்தவர் பாடம் கற்றனர். 1964இல் வெனிஸ் நகரில் கூடிய அறிஞர்கள், ஊகம் தொடங்கும் இடத்தில் திருத்தம் நிற்க வேண்டும். புதிதாகச் சேர்ப்பது புதிதென்று தெரிய வேண்டும் என்று விதி வகுத்தனர்.

இது மேல்நாட்டுச் சங்கதி என்று தள்ளிவிட வேண்டாம். புனித சவேரியாரின் திருவுடல் உள்ள பழைய கோவாவின் போம் ஜேசு பேராலயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1605இல் அர்ச்சிக்கப்பட்ட அதன் சுவர், தென்னிலங்கையில் கபுக்கல் என்று சொல்லப்படும் செம்புரைக்கல்லால் ஆனது. அக்கல்லை மழையிலிருந்து காத்தது சுண்ணாம்புப் பூச்சு. 1950களில் போர்த்துக்கல்லிலிருந்து வந்த பல்தசார் கஸ்த்ரோ என்ற கட்டிடக் கலைஞர், பழமைத் தோற்றம் வேண்டி வெளிப்பூச்சை அகற்றிவிட்டார். அன்று முதல் ஒவ்வொரு மழைக்காலமும் அந்தக் கல்லை அரிக்கின்றது. பேராலயம் செம்மண் நிறத்தில்தான் இருக்கும் என்று பழகிவிட்ட மக்களிடம், அதற்கு மீண்டும் பூச்சு வேண்டும் என்று அறிஞர் சொல்லிப் புரியவைக்க வேண்டியிருக்கின்றது.

இறுதி நாட்களும் பின்னர் வந்த தீயும்

வியோலே ஓய்ந்திருக்கவில்லை. 1870இல் ஜேர்மானியப் படை பாரிஸை முற்றுகையிட்டபோது பொறியியற் படையில் சேவை செய்தார். பின்னர் சுவிற்சர்லாந்தின் லோசான் பேராலயத்தைத் திருத்தும் பணியை ஏற்று அவ்வூரிலே நெடுநாள் தங்கினார். 1879 புரட்டாதி 17ஆம் நாள் அங்கேயே, 65ஆம் வயதில் மரணமானார். அங்கேயே அடக்கமும் செய்யப்பட்டார்.

அவர் இறந்து 140 ஆண்டுகளின் பின், 2019 சித்திரை 15, பெரிய வாரத்துத் திங்கட்கிழமை மாலை, நோத்ர தாம் தீப்பிடித்தது. அவருடைய ஊசிக் கோபுரம் எரிந்து சரிந்ததை உலகம் தொலைக்காட்சியிற் கண்டது. திருத்த வேலைக்காக நான்கு நாட்களுக்கு முன்னரே இறக்கப்பட்டிருந்தமையால், தோமையார் உட்பட அந்தச் செப்புச் சிலைகள் தப்பின.

புதுமையான வேறொரு கோபுரம் வைப்போம் என்று பலர் யோசனை சொன்னார்கள். பேராலயத்தின் தலைமைக் கட்டிடக் கலைஞர் பிலிப் வில்நேவ் பழைய வடிவமே வேண்டும் என்று உறுதியாக நின்றார். 2020இல் அவ்வாறே முடிவாயிற்று. தீக்கு முன் எடுத்திருந்த அளவுகளும் வியோலே விட்டுச் சென்ற வரைபடங்களும் கைகொடுத்தன. மீண்டும் ஓக் மரத்தாலும் ஈயத்தாலும் கோபுரம் எழுந்தது. 2024 மார்கழியில் பேராலயம் திறக்கப்பட்டது. வியோலேயின் துணிவைக் குறை சொன்னவர்களும் அவருடைய குறிப்பேடுகளுக்கு நன்றி சொல்ல வேண்டியதாயிற்று.

நமக்கு என்ன?

வாசகர்களே, உங்களிற் பலர் உங்கள் பங்கின் அருட்பணிச் சபையிலோ கட்டிடக் குழுவிலோ இருப்பீர்கள். வெளிநாட்டிலுள்ள உங்கள் பிள்ளைகள் கோவிலுக்கென்று பணம் அனுப்புவார்கள். பழைய கோவில் ஒன்றைத் திருத்தும் பொறுப்பு உங்களிடம் வந்தால், வேலையைக் கொடுக்குமுன் சில கேள்விகளைக் கேளுங்கள்.

இவர் இதற்கு முன் பழைய கட்டிடம் எதையாவது திருத்தியிருக்கின்றாரா? அது இன்று எப்படி நிற்கின்றது? நேரிற் போய்ப் பாருங்கள். ஒரு கல்லையும் அசைக்குமுன் முழுக் கோவிலையும் அளந்து, வரைந்து, படம் எடுத்துத் தருவாரா? சுண்ணாம்புச் சாந்தைப் பற்றி அறிவாரா? சுண்ணாம்பால் கட்டிய சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். அதன்மேல் சீமெந்து பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டு, உப்புப் பூத்து, சுவர் உதிரும். வலுவாக்குகின்றோம் என்று எண்ணிக் கெடுத்துவிடுவோம். மழைநீர் எங்கே போகும் என்பதை முதலிற் பார்க்கின்றாரா, வர்ணத்தையும் வளைவையும் முதலிற் பேசுகின்றாரா? எதை இடிக்க வேண்டும் என்று சொல்பவரிடம், எதை இடிக்காமல் விடலாம் என்று கேளுங்கள்.

நம் நாட்டில் இத்துறையில் பயின்றவர்கள் இல்லாமல் இல்லை. மொறட்டுவைப் பல்கலைக்கழகம் கட்டிடக் கலைஞரைப் பயிற்றுவிக்கின்றது. பழைய கட்டிடங்களைப் பேணும் கலை அங்கே பட்டப்பின் படிப்பாகவும் கற்பிக்கப்பட்டு வந்துள்ளது. கோவில் மிகப் பழையதாயின் தொல்பொருள் திணைக்களத்திடமும் ஆயர் இல்லத்திடமும் முன்கூட்டியே கேட்பது அவசியம். அவருக்குக் கொடுக்கும் கட்டணத்தை வீண் செலவென்று எண்ண வேண்டாம். புனித தெனிஸ் கோபுரத்தைக் கட்டி இறக்கிய செலவோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

நல்லவரைத் தெரிந்தெடுத்த பின்னும் உங்கள் கடமை முடிவதில்லை. வியோலே இளமையில் அடக்கத்தோடு நடந்ததற்கு மெரிமே போன்றவர்கள் அருகில் நின்று கேள்வி கேட்டதும் ஒரு காரணம். பெயர் பெற்ற பின் அவரைத் தடுத்துக் கேட்டவர் குறைவு. எத்தனை பெரிய நிபுணரானாலும் அவர் சில ஆண்டுகளில் வேலையை முடித்துப் போய்விடுவார். அந்தக் கோவிலில் ஞானஸ்நானம் பெறப்போவதும், திருமணம் முடிக்கப்போவதும், இறுதியில் சுமந்து செல்லப்படப்போவதும் உங்கள் பிள்ளைகளே. ஆகவே ஏணியில் ஏறிப் பாருங்கள். கணக்கைப் போலவே வரைபடத்தையும் பூசைக்குப் பின் மக்களுக்கு விரித்துக் காட்டச் சொல்லுங்கள். செய்த ஒவ்வொரு வேலையையும் எழுதிப் பங்குப் பதிவேடுகளோடு பத்திரப்படுத்துங்கள்.

போர் நமக்கு மிச்சம் வைத்த சுவர்கள் அதிகமில்லை. நம் பாட்டன் பாட்டிமார் மண் சுமந்து, சுண்ணாம்பு இடித்து எழுப்பிய அவற்றை, அவசரத்தில் நம் கையாலேயே இழந்துவிடாதிருப்போமாக.